கோயிலடி ஏற்றத்தில் ஓர் எழுபது சீசீ எஞ்சின்

மொட்டைப்பாறைத் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவான மேற்கணக்குக்குப் போகும் ரோட்டில், கோயிலடிக்குச் சற்றுக் கீழே ஒரு வளைவு இருக்கிறது. அந்த வளைவில் கிருஷாந்தினி மோட்டார் சைக்கிளை விட்டு இறங்குவாள். இறங்காவிட்டால் எஞ்சின் நின்றுவிடும். எழுபது சீசீ எஞ்சின், இரண்டு பேர், பெயர்ந்து கிடக்கும் கருங்கல், கூரையில் ஏறுவது போன்ற சரிவு. அவள் இறங்கியதும் அவளுடைய கணவன் சுந்தரலிங்கம் ஒற்றை ஆளாய் வண்டியை முறுக்கி மேலே கொண்டுபோய்க் கோயில் முன்னால் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தபடி நிற்பான். அவள் தேயிலைச் செடிகளைப் பிடித்துப் பிடித்து நடந்து வருவாள். வழியில் ஒரு கல்லில் உட்காருவாள். அவன் இறங்கி வரப் பார்த்தால் கையைக் காட்டித் தடுப்பாள்.

“நீங்க மேல நில்லுங்க. நான் வாறேன்.”

அவள் வருவது ஆஸ்பத்திரியிலிருந்து. இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போனவள். செவ்வாயும் வெள்ளியும் மாத்தளைக்குப் போய் ஓர் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்துக்கொள்ள வேண்டும். இரத்தம் குழாய் வழியே வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி உள்ளே வரும்வரை கிடக்க வேண்டும். எழுந்தால் தலை சுற்றும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். தாதிமார் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்து விடுவார்கள். வாசலுக்கு இப்பால் அவளுக்கு இருந்ததெல்லாம் அந்த எழுபது சீசீயும் இந்த ஏற்றமும்தான்.

இந்த ரோட்டைப் பற்றிச் சொல்லாமல் சுந்தரலிங்கத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. யட்டவத்தப் பக்கத்து மலையில், கீழ்ச் சந்தியிலிருந்து கோயிலடிவரை ஒரே ஏற்றம். கோயிலடிதான் உச்சி. அங்கிருந்து மறுபக்கம் சரிந்து இறங்கினால் மேற்கணக்கு லயங்கள், தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள். ஆகவே லயத்திலிருந்து எங்கே போவதானாலும் முதலில் ஏற வேண்டும், திரும்பி வருவதானாலும் ஏற வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் கொழுந்து லொறிக்காகக் கல் பாவிய ரோடு அது. மேற்கணக்கில் தேயிலை குறைந்து காடும் மிளகுமாக மாறியதும் லொறி வருவது நின்றது. லொறி நின்றதும் திருத்துவதும் நின்றது. கொழுந்துக்குத்தான் ரோடு, அதைக் கிள்ளியவர்களுக்கு அல்ல என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

தோட்டக் கந்தோரில் கேட்டால், காணி அரசாங்கத்துடையது, நாங்கள் குத்தகைக்காரர்கள் என்பார்கள். பிரதேச சபையில் கேட்டால், அது தோட்டத்து ரோடு, நாங்கள் கை வைக்க முடியாது என்பார்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் கீழ்ச் சந்தியோடு நின்று ஒலிபெருக்கியை மலைப்பக்கம் திருப்பி வைத்துப் பேசிவிட்டுப் போவார்கள். வாக்குறுதி மட்டும் ஏற்றம் ஏறி வந்துவிடும். ஒரு தேர்தலின்போது கோயிலுக்குக் கோபுரம் கட்ட சீமெந்து தந்தார்கள். லொறி ஏறாத ரோடு அல்லவா, மூட்டைகளைக் கீழ்ச் சந்தியில் இறக்கிவிட்டுப் போனார்கள். கொழுந்து எடுத்து முடித்த பெண்கள் அவற்றைத் தலையில் சுமந்து ஏறினார்கள். அந்தச் சீமெந்தை அவர்கள் சுமந்து மிதித்து வந்த குழிகளில் கொட்டியிருந்தாலே பாதி ரோடு ஆகியிருக்கும். அப்படிச் சொன்னவனுக்கு அம்மன் மேல் பக்தி இல்லை என்று பெயர் வந்தது. சொன்னவன் சுந்தரலிங்கம்.

அவன் பக்தியில்லாதவன் அல்ல. கோயிலைக் கடக்கும்போது எல்லோரும் செய்வதையே செய்வான். மேற்கணக்கில் ஒரு வழக்கம் உண்டு: எந்த வண்டியும் அம்மன் முன்னால் எஞ்சின் இரைய நிற்பதும் இல்லை, கடப்பதும் இல்லை. உச்சிக்கு வந்ததும் சாவியைத் திருப்பி எஞ்சினை அமத்துவார்கள். இறங்கித் திருநீறு பூசுவார்கள். பிறகு இரண்டு பக்கமும் இறக்கம்தானே, எஞ்சினை மீண்டும் கிளப்பாமல் வண்டியைச் சும்மா உருள விட்டுவிடுவார்கள். மரியாதையும் ஆயிற்று, பெற்றோலும் மிச்சம். நாட்டில் பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகு இந்த வழக்கம் இன்னும் இறுகிவிட்டது. எஞ்சின் சத்தத்தோடு அந்த இறக்கத்தில் போகிறவனை ஊதாரி என்றே பார்ப்பார்கள்.

சுந்தரலிங்கம் அந்த லயத்திலேயே பிறந்தவன். பள்ளியில் சாதாரண தரப் பரீட்சைவரை படித்தான். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சில காலம் தட்டுக் கழுவினான். திரும்பி வந்து, தோட்டத்தில் தொழிலாளியாகப் பெயர் பதியாமல், பலாபத்வலையில் வாசனைத் திரவியம் அரைக்கும் ஒரு மில்லில் சேர்ந்தான். அன்றிலிருந்து அவன் உடம்பில் எப்போதும் மிளகும் கராம்பும் மணக்கும். கிருஷாந்தினி கீழ்க்கணக்குப் பெண். தீபாவளிக்கு முதல் நாள் பஸ்ஸில் அவன் பக்கத்தில் நிற்க நேர்ந்து தும்மித் தும்மிக் கண் சிவந்தவள். ‘கறிக்குப் போடுற ஆளு’ என்று அவனுக்குப் பெயர் வைத்தவள் அவள்தான். கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

ஒரு பிள்ளை வயிற்றில் தங்கி, ஏழாம் மாதத்தில் போயிற்று. அப்போதுதான் அவளுக்கு இரத்த அழுத்தம் கடுமையாக இருப்பது தெரிந்தது. அதற்கு முன் எத்தனை வருஷமாக இருந்ததோ, அளந்து பார்க்க யாரும் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரியின் கதவில் பூட்டுத் தொங்கியது. சாவி யாரிடம் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்து போயிருந்தார்கள். அழுத்தம் சத்தமில்லாமல் சிறுநீரகங்களைத் தின்றுவிட்டிருந்தது. லயத்தில் சிலர் இதைச் செய்வினை என்றார்கள். எலுமிச்சம்பழம் அறுத்துச் சிவப்புத் தண்ணீர் சுற்றிப் போட்டார்கள். கையில் ஒரு பட்டியைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்தால் தெரிந்திருக்கக்கூடிய ஒரு நோய்க்கு, இந்தக் காலத்தில், எலுமிச்சம்பழம்! எறிந்தவர்கள் மேல் கோபப்பட்டு என்ன பயன்? அந்தப் பட்டியை அவர்களுக்கு எட்டாமல் வைத்தவர்கள் வேறு ஆட்கள்.

முச்சக்கரவண்டிக்காரர்கள் முதலில் வந்தார்கள். அடித்தகடு கல்லில் உரசிக் கிழிந்ததும் நின்றுவிட்டார்கள். ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் கீழ்ச் சந்திவரை வரும். அதற்கு மேல் ஏறாது. அது ஓட்டுகிறவர்களின் குற்றமில்லை. பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கலாமே என்று யாரும் சுலபமாகச் சொல்லலாம். வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்த காலம் அது. பழைய இரும்பெல்லாம் பொன் விலைக்கு ஏறியிருந்தது. ஆகவே, இருக்கிற எஞ்சினையே ஏற வைப்பது ஒன்றுதான் வழி. அவளை அந்த வளைவில் இறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். சுந்தரலிங்கத்துக்கு வாழ்க்கையில் அதற்கப்புறம் வேறு ஆசை இருக்கவில்லை.

மில்லுக்கு அடுத்தாற்போல், பெரிய ரோட்டோரம், லாபிரின் கராஜ். லாபிர் அவனைவிடப் பத்து வயது மூத்தவர். பருத்த உடம்பு, சாரத்தை மடித்துக் கட்டியிருப்பார். காரோ பைக்கோ வந்தால் நோயாளியைப் பார்ப்பது போல நாடி பிடித்துப் பேசுவார். சுந்தரலிங்கம் அவரை அண்ணன் முறையில் நானா என்பான். ஏற்றத்துக்கு வழி கேட்டதும் அவர் முதலில் எல்லோரும் செய்வதையே செய்தார். பின்சில்லின் பல்சக்கரத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தார். வண்டி முன்பைவிட ஒரு முழம் கூட ஏறியது. பிறகு நின்றது. கிளட்ச் கருகி மணத்தது.

“எஞ்சினுக்கு மூச்சுக் காணாது, லிங்கம்,” என்றார் லாபிர். “இதுக்கு ஆஸ்துமா. வேற சுகமில்ல.”

கராஜின் பின்பக்கத்தில், ஜப்பானில் வெட்டிப் பாகங்களாக இறக்குமதி செய்த ஒரு குட்டிக் காரின் எஞ்சின் கிடந்தது. அதன் பக்கவாட்டில் நத்தை ஓடு போல உள்ளங்கையளவு ஓர் இரும்பு. டர்போ. சுந்தரலிங்கம் அதைக் கையில் எடுத்து, உள்ளே இருந்த சிறு சக்கரத்தை விரலால் சுண்டினான். அது நிற்காமல் சுற்றியது. அவன் கேட்கப்போவது லாபிருக்கு முன்பே விளங்கிவிட்டது. அது அறுநூற்று அறுபது சீசீக்கு ஊதுகிற சாமான், எழுபது சீசீக்கு அது யானைக்குட்டியைப் பூனை முதுகில் ஏற்றுவது போல என்று சிரித்தார். சிரித்துவிட்டு, அன்று பின்னேரம் முழுவதும் அதைப் பற்றியே யோசித்தார்.

விஷயம் சிக்கலானது அல்ல. எஞ்சின் வெளியே தள்ளும் புகைக்கு வேகம் உண்டு. அந்த வேகம் வீணாகக் காற்றில் போகிறது. போகும் வழியில் ஒரு சிறு சக்கரத்தை வைத்தால் அது சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருந்தால், அது வெளிக் காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்றுக் கூடினால் பெற்றோல் கூட எரியும், சின்ன எஞ்சின் தன் அளவை மீறி இழுக்கும். இதில் அற்புதம் எதுவும் இல்லை. யாரையும் வேண்டிக்கொள்ள வேண்டியதில்லை. கழித்துவிட்ட புகையிலிருந்து வேலை வாங்கலாம் என்று ஒரு மனித மூளை யோசித்தது, அவ்வளவுதான்.

யோசனை சுலபம், இரும்பு பிடிவாதம். ஞாயிற்றுக்கிழமைகள் முழுவதும் அவர்கள் அதோடு மல்லுக்கட்டினார்கள். ஒற்றை பிஸ்டன் எஞ்சின் புகையை ஆற்றுநீர் போல் விடுவதில்லை, இருமுவது போல் விட்டு விட்டுத் தள்ளுகிறது. டர்போ அனுப்பும் காற்றும் முட்டி முட்டித் திரும்பியது. நடுவில் காற்றைத் தேக்கி வைக்க ஒரு பெட்டி வேண்டும். முதலில் ஒரு பால்மா டின்னை வைத்து ஒட்டினார்கள். அது தவளை போல வீங்கி, மில் முதலாளி ரோட்டுக்கு ஓடி வருமளவுக்கு வெடித்தது. லாபிர் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு ஒரு பழைய லொறியின் சிறு காற்றுச் சிலிண்டரை வெட்டி வைத்தார்கள்.

அடுத்து, காற்று அழுத்தம் ஏறும் அதே நொடியில் எஞ்சின் செத்தது. அழுத்தம் காபரேட்டர் வழியே பெற்றோலைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்று கண்டுபிடிக்கப் பல நாள் பிடித்தது. அதே அழுத்தத்தில் ஒரு மெல்லிய குழாயைக் காபரேட்டரின் கிண்ணத்துக்கும் கொடுத்து, பெற்றோலைத் தள்ள ஒரு சிறு பம்ப்பும் வைத்தார்கள். பிஸ்டன் தலை தட்டத் தொடங்கியது. சிலிண்டருக்கு அடியில் தடித்த செம்புத் தகடு வெட்டி வைத்து அந்தத் தட்டலைக் குறைத்தார்கள். டர்போவின் தண்டு ஒயிலில் மிதந்து சுற்ற வேண்டும் என்பதால், எஞ்சினின் ஒயிலிலிருந்தே அதற்கு ஒரு குழாய்.

சுந்தரலிங்கத்தின் அக்கா சுந்தரம்மா லயத்தில் அடுத்த அறையான காம்பராவில் இருந்தாள். இன்னும் கொழுந்து எடுக்கிறவள், தம்பிக்குத் தாய் போல இருந்தாலும் வாயில் தாய்மை இல்லாதவள். அவன் தின்னும்போதும் டர்போவைப் பற்றியே பேசுவதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“ஏன்டா, பொகைய வெளிய விடக்கூட ஒனக்கு மனசு வரலையா? அதையும் புடிச்சு வேல வாங்குறியே, பெரிய தொர மாதிரி.”

கிருஷாந்தினி படுத்தபடியே சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு மூச்சு வாங்கும். இருந்தும் சிரித்தாள்.

வண்டி தயாரான அன்று லாபிர் ஒரே ஒரு கட்டளை போட்டார். அதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. டர்போ வேலை செய்யும்போது செந்தணல் போலச் சுடும், அதன் தண்டை ஆற வைப்பது ஓடுகிற ஒயில் மட்டும்தான், எஞ்சினை நிறுத்தினால் ஒயிலும் நின்றுவிடும், நின்ற ஒயில் அந்தச் சூட்டில் கருகும்.

“வந்து நின்ட ஒடன அமத்தப்படாது. ஒரு ரெண்டு நிமிசம் சும்மா ஓட உடு. அது ஆறட்டும். வெளங்கினதா?”

சுந்தரலிங்கத்துக்கு விளங்கியது. ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கிய பிறகும் எஞ்சினை ஓட விட்டுக்கொண்டு நிற்பான். காவலாளி முறைத்தாலும் அமத்த மாட்டான். லய வாசலிலும் அப்படியே. அவளை உள்ளே படுக்க வைத்துவிட்டு வந்துதான் சாவியைத் திருப்புவான். நானா சொன்னதில் ஓர் எழுத்துக்கூட அவன் தவறவில்லை என்றே நம்பினான்.

முதல் செவ்வாய்க்கிழமை. பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறார்கள். கீழ்ச் சந்தி தாண்டி ஏற்றம் தொடங்கியது. எஞ்சின் வழக்கம்போல் முனகியது. வளைவு நெருங்கியதும் கிருஷாந்தினி பழக்கத்தில் காலை ஊன்றத் தயாரானாள். “உக்காருங்க அம்மணி,” என்றான் அவன். பிறகு எங்கிருந்தோ ஒரு விசில். மெல்லத் தொடங்கி, காதைத் துளைக்குமளவுக்கு உயர்ந்தது. பின்னாலிருந்து யாரோ இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளுவது போல வண்டி முன்னே போயிற்று. வளைவு போயிற்று. அவள் உட்காரும் கல் போயிற்று. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கோயிலடி வந்தது. வழக்கப்படி அவன் சாவியைத் திருப்பி எஞ்சினை அமத்தினான். திருநீறு எடுத்து அவள் நெற்றியிலும் பூசினான். மலை முழுவதும் ஒரே அமைதி.

“இன்னைக்கு என் கல்லு தனியா உக்காந்திருக்கு,” என்றாள் கிருஷாந்தினி.

பிறகு லயம்வரை இறக்கத்தில் சத்தமில்லாமல் உருண்டு வந்தார்கள். வாசலுக்கு முன்னால் அவன் எஞ்சினைக் கிளப்பி, நானா சொன்னபடி இரண்டு நிமிஷம் ஓட விட்டு, நிறுத்தினான்.

அந்த வருஷத்து வெயில் காலம் முழுவதும் அவள் அந்த வளைவில் இறங்கவில்லை. அவளுக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது என்று சுந்தரம்மா சொல்வாள். விசில் சத்தம் கேட்டால் லயத்தில் ஒருத்தி தேநீருக்குத் தண்ணீர் வைப்பாள். கோயில் பூசாரிக்கு மட்டும் அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. ஆனாலும் அம்மன் முன்னால் எஞ்சின் அமத்தப்படுவதால் அவர் குறை சொல்ல இடமில்லாமல் இருந்தார்.

மழை தொடங்கிய பிறகு சைலன்சரில் இலேசாய் நீலப் புகை வந்தது. ஒயில் குறைந்தது. அவன் ஊற்றினான். அந்த எஞ்சினின் வயிறு ஒரு லீற்றர் கூடக் கொள்ளாது. பிறகு விசிலோடு சேர்ந்து தகரத்தில் நகம் கீறுவது போல இன்னொரு சத்தம். லாபிரிடம் சொன்னபோது, ஓடாதே, கொண்டு வா, கழற்றிப் பார்க்க வேண்டும் என்றார். ஆனால் கழற்றினால் செவ்வாய்க்குள் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளிக்குள். நோய்க்குத் தவணை கொடுக்க முடியாதே. வருகிற ஞாயிறு காலையிலேயே கொண்டு வருகிறேன் என்றான்.

ஞாயிறு வரவில்லை. வெள்ளி வந்தது.

இரண்டு நாளாக மழை விடாமல் பெய்திருந்தது. வெள்ளி விடிந்தபோது கிருஷாந்தினியின் கால்கள் வீங்கி, கண்ணிமை தடித்து, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே இருந்தாள். உடம்பில் தேங்கிய நீர் நெஞ்சுக்கு ஏறியிருந்தது. அவளுக்கு மழைச்சட்டை போட்டு, தன்னோடு ஒரு துண்டால் சேர்த்துக் கட்டிக்கொண்டு அவன் கிளம்பினான். லயத்திலிருந்து உச்சிக்கு ஏறும் பக்கம் நீளம் குறைவு, ஆனால் அதுவும் ஏற்றம்தான். பாதி வழியில் விசில் வந்தது. வந்த விசில் ஒரு கரகரப்பாக மாறி, சட்டென அறுந்தது. பின்னால் நீலப் புகை திரண்டு எழுந்தது. ஒயில் முழுவதும் டர்போ வழியே புகைக்குழாய்க்குள் கொட்டிக்கொண்டிருந்தது. உலர்ந்த எஞ்சின் ஒருமுறை முனகி இறுகிக்கொண்டது. அவன் காலால் உதைத்தான். மிதி அசையவே இல்லை.

அவன் கூப்பிட்ட குரலுக்கு லயத்திலிருந்து சுந்தரம்மாவும் வேறு சிலரும் ஓடி வந்தார்கள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். அதுவும் உடனே புறப்பட்டுக் கீழ்ச் சந்திக்கு வந்து நின்றது. கீழ்ச் சந்திக்கு இவளைக் கொண்டுபோக வேண்டுமே. கம்பளியின் இரண்டு தலைப்பையும் ஒரு கழியில் கட்டி அவளை அதில் வைத்துத் தூக்கினார்கள். நூற்றெழுபது வருஷத்துக்கு முன், கோப்பிக் காலத்தில், காய்ச்சலில் விழுந்தவர்களை எப்படித் தூக்கினார்களோ அப்படியே. இந்த நாட்டில் அதற்குப் பிறகு ரயில் வந்தது, சுதந்திரம் வந்தது, அதிவேகப் பாதை வந்தது. மேற்கணக்குக்கு வந்து சேர்ந்தது கழியும் கம்பளியும்.

சுந்தரலிங்கம் கழியின் முன்தலைப்பில் தோள் கொடுத்திருந்தான். சேற்றில் கால் வழுக்கியது. கோயிலடி தாண்டி இறக்கத்தில் இறங்கும்போது அவள் கம்பளிக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள். நிறுத்திக் குனிந்தார்கள்.

“நீங்க முன்னால போங்க,” என்றாள். “நான் வாறேன்.”

எங்கே இருக்கிறோம் என்பது அவளுக்கு மறந்திருந்தது. அவள் உட்காரும் கல்லைத் தாண்டும்போது கழியின் ஆட்டம் வேறாக இருந்தது. தூக்கியவர்களுக்கு அது தெரிந்தது. கீழ்ச் சந்திவரை தூக்கிக்கொண்டே போனார்கள்.

மறுநாள் திடீர் மரண விசாரணைக்காக ஓர் அதிகாரி வந்தார். ஜீப்பைக் கீழே விட்டுவிட்டு, குடையோடும் சப்பாத்தில் அப்பிய சேற்றோடும் நடந்து ஏறி வந்தார். பல வருஷங்களில் அந்த ரோட்டில் ஏறிய முதல் அரசாங்கக் கால் அது. அவர் மோசமான மனிதர் அல்ல. மூச்சு வாங்கியபடி மோட்டார் சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார். குழாய்களையும் லொறிச் சிலிண்டரையும் நத்தை ஓட்டையும் பார்த்தார். வாகனத்தின் எஞ்சினை இப்படி மாற்றுவது சட்டவிரோதம் என்றார். யாரிடம் அனுமதி வாங்கினாய் என்று சிங்களத்தில் கேட்டார்.

சுந்தரலிங்கமும் சிங்களத்தில்தான் பதில் சொன்னான். தமிழில் அது இவ்வளவுதான்: “ரோடு போட அனுமதி கேட்டேங்க, மாத்தயா. இதுக்குக் கேக்கல.”

அதிகாரி எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். அந்த மாற்றத்தைப் பற்றி அவர் மேலே எதுவும் எழுதவில்லை. ரோட்டைப் பற்றியும் எழுதவில்லை.

லயத்தில் வேறு விசாரணை நடந்துகொண்டிருந்தது. விசில் அடித்துக்கொண்டு கோயிலடிக்கு ஏறி வந்த வண்டி அம்மனின் காதைக் கெடுத்தது என்றார் பூசாரி. கோபுரத்துக்கு எதிராகப் பேசியதற்குப் பழி என்றார்கள் சிலர். சுந்தரம்மா அவர்களை வாசலில் நின்று விரட்டினாள்.

“எங்க கிருஷா கும்பிடாத வெள்ளிக்கெழம ஒண்ணு காட்டுங்க. நடக்க முடியாதப்பவும் நெத்தியில பூசிக்கிட்டுதான் போனா. இதுக்குமேல என்ன வேணுமாம் ஒங்க அம்மனுக்கு?”

கருமாதி முடிந்த பிறகு, சுந்தரலிங்கம் வண்டியைக் கீழ்ச் சந்திவரை தள்ளிக்கொண்டுபோய், அங்கே ஒரு சிறு லொறியில் ஏற்றி லாபிரிடம் கொண்டுபோனான். லாபிர் டர்போவைக் கழற்றினார். தண்டை இழுத்தார். அது வரவில்லை. சுத்தியலால் தட்டி எடுத்தபோது தண்டைச் சுற்றிக் கரி. ஒயில் கருகிக் கருகி, அடுப்படிச் சட்டியின் அடி போலக் கெட்டியான கரி. நல்ல ஒயில், நல்ல தண்டு. ஒரு தடவையில் வந்த கரி அல்ல அது.

“அமத்த முந்தி ஓட உட்டியா, லிங்கம்?”

“ஒவ்வொரு நாளும் விட்டேன், நானா. ஆஸ்பத்திரியிலயும் விட்டேன். வீட்டுலயும் விட்டேன்.”

“எடையில எங்கயாலும் அமத்தினியா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான் சுந்தரலிங்கம். லாபிரின் கையில் இருந்த தண்டைப் பார்த்தான்.

“கோயிலடியில அமத்துவோம்,” என்றான். “எல்லாரும் அமத்துவாங்க.”

ஏற்றத்தின் உச்சி. எஞ்சின் தன் முழுப் பலத்தையும் கொடுத்து முடித்த இடம். டர்போ செந்தணலாகக் கிடக்கும் அந்த ஒரு நிமிஷம். அங்கேதான், போகும்போதும் வரும்போதும், மரியாதைக்காகச் சாவியைத் திருப்பினான். பெற்றோல் மிச்சத்துக்காக அப்படியே உருள விட்டான். அதை அவன் நிறுத்துவதாகவே நினைத்ததில்லை. மேற்கணக்கில் யாரும் அப்படி நினைப்பதில்லை. பயணம் முடிகிற இடத்தில் நிறுத்துவதுதான் அவர்களுக்கு நிறுத்துவது, கோயிலடியில் அமத்துவது செருப்பைக் கழற்றுவது போல ஒன்று. பலாபத்வலைக்காரரான லாபிருக்கு அந்த வழக்கம் தெரியாது, கேட்கத் தோன்றவில்லை. இவனுக்குச் சொல்லத் தோன்றவில்லை.

லாபிர் தண்டை ஒரு துணியில் சுற்றி மேசையில் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒயில் கை பட்டு முகம் கறுத்தது.

இந்த வழக்கத்தைத் திட்டுவது மிகவும் சுலபம். கண் காணாத ஒன்றின் காதுக்கு எஞ்சின் சத்தம் உறுத்தும் என்று நினைப்பது மூடத்தனம்தான். அதில் சமரசம் இல்லை. ஆனால் கணக்கை அங்கே முடித்துவிட்டு எழுந்துபோகிறவர்கள், பூசாரியைப் போலவே, தங்களுக்கு வசதியான இடத்தில் முடிக்கிறார்கள். அந்த ரோட்டில் தார் இருந்திருந்தால் டர்போ எதற்கு? டிஸ்பென்சரி திறந்திருந்தால் செவ்வாயும் வெள்ளியும் எதற்கு? மிச்சம் பிடிக்கிற பெற்றோல் அவர்கள் வாழ்க்கையில் அவ்வளவு பெரிதாக இல்லாதிருந்தால், அம்மனுக்கான மரியாதை கோயில் வாசலோடு முடிந்திருக்கும், இறக்கம் முழுவதும் தொடர்ந்திருக்காது. ஒரு மனிதன் தன் மனைவியை வீட்டுக்குக் கொண்டுவரக் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்க வேண்டியிருந்தது. அந்த நிலைமையை உண்டாக்கியவர்கள் யாரும் விசாரணைக்கு வரவில்லை. அவர்களுடைய கையெழுத்து எந்தத் தண்டிலும் கரியாகப் படியவில்லை.

இதையெல்லாம் சுந்தரலிங்கத்திடம் சொன்னால் அவன் தலையாட்டுவான். பிறகு, “இருந்தாலும் அமத்துனது நான்தானேங்க,” என்பான்.

லாபிர் எஞ்சினைத் திருத்திக் கொடுத்தார். டர்போ வேண்டாம், பழையபடி விட்டுவிடுகிறேன் என்றார். சுந்தரலிங்கம் கேட்கவில்லை. இன்னொன்று தேடிப் பூட்டச் சொன்னான். தனி ஆளுக்கு எதற்கு என்று லாபிர் கேட்டார். இப்போது மேற்கணக்கில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும், யாருக்கு வயிற்றுவலி எடுத்தாலும், அவன் காம்பராவைத்தான் தட்டுகிறார்கள். மில்லுக்குப் போகாத நேரத்தில் அவன்தான் அந்த மலையின் ஆம்புலன்ஸ். அந்த வளைவில் யாரையும் இறக்குவதில்லை.

ஒரு மாற்றம் உண்டு. கோயிலடிக்கு வந்தால் அவன் எஞ்சினை அமத்துவதில்லை. ஒரு காலை ஊன்றி, எஞ்சினை மெல்ல ஓட விட்டு, அது ஆறும்வரை அங்கேயே நிற்பான். பூசாரி முதலில் வந்து சண்டை போட்டார். பிறகு மற்றவர்கள் வந்து பேசினார்கள். பெற்றோலை வீணாக்குகிறான் என்றார்கள். அவன் யாரோடும் வாதாடவில்லை. நிற்பதை நிறுத்தவுமில்லை. இப்போது யாரும் கேட்பதில்லை.

போன மாசி மாதம், ஆளில்லாமல் வெறும் வண்டியோடு கீழேயிருந்து ஏறி வந்தவன், கோயில் முன்னால் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தான். சுந்தரம்மா கொழுந்துக் கூடையோடு அந்தப் பக்கம் வந்தாள். எஞ்சின் எப்போதோ ஆறியிருந்தது. அவன் திரும்பி, வளைவைப் பார்த்தபடி இருந்தான்.

“ஆறிருச்சு, தம்பி,” என்றாள் அவள். “வா, போவோம்.”

“இரு அக்கா,” என்றான். “இன்னும் கொஞ்சம்.”

அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். கீழே ரோடு, கல் கல்லாகக் காலியாகக் கிடந்தது.